தூண்டில்காரர்கள் நம்பித் தந்த இடங்கள்

போன மாதம் எங்கள் பழைய அலுவலகத்திலிருந்து ஒரு பெண் தொலைபேசியில் கூப்பிட்டாள். புதிதாக வேலையில் சேர்ந்த அதிகாரி. குரலில் நல்ல உற்சாகம். தூண்டில் போடுகிறவர்கள் தாங்கள் பிடித்த மீனைக் கைப்பேசியில் படமெடுத்து, அளவையும் இடத்தையும் பதிந்து அனுப்புவதற்கு ஒரு செயலி தயார் செய்திருக்கிறார்களாம். அதன் தொடக்க விழாவில் நான் மேடையேற வேண்டுமாம். அந்தக் காலத்தில் தூண்டில்காரர்கள் மீன் ஆராய்ச்சிக்கு எப்படிக் கைகொடுத்தார்கள் என்று பத்து நிமிடம் பேச வேண்டுமாம்.

"நீங்க வந்தா பழைய ஆளுங்க எல்லாம் வருவாங்கக்கா. அவங்களுக்கு உங்க மேல நம்பிக்கைன்னு இங்க எல்லாரும் சொல்றாங்க."

முழங்கால் வலி என்று பொய் சொல்லிவிட்டேன். என்னிடம் இருப்பது பத்து நிமிடத்தில், மாலை போட்டுக்கொண்டு சொல்லக்கூடிய கதை அல்ல. அதனால் எழுதுகிறேன்.

என் பெயர் பிலோமினா. பினாங்குத் தீவின் ஜார்ஜ் டவுனில்தான் பிறந்தேன், இன்னும் அங்கேதான் இருக்கிறேன். அப்பா துறைமுகத்தில் குமாஸ்தா. பள்ளியில் கடைசி வகுப்பான ஐந்தாம் படிவம் முடித்ததும் அரசாங்க வேலை என்று விண்ணப்பித்தேன். கிடைத்தது மீன் ஆராய்ச்சிக்கூடத்தில் உதவியாளர் வேலை. முதல் இரண்டு வருடத்தில் கற்றுக்கொண்டதை இரண்டு வரியில் சொல்லிவிடலாம். மீனை அளப்பது, நிறுப்பது, வயிற்றைக் கீறிப் பார்ப்பது, தலையைப் பிளந்து காதுக்கல்லை எடுப்பது. வீட்டுக்குப் போனால் குளிக்காமல் சாப்பாட்டு மேசைப் பக்கம் வரக்கூடாது என்பது அம்மாவின் உத்தரவு.

காதுக்கல் என்பது மீனின் தலைக்குள் மூளைக்குக் கீழே இருக்கும் சின்ன வெள்ளைக் கல். மரத்தின் வளையத்தை எண்ணுவது போல அதன் வளையத்தை எண்ணினால் மீனின் வயது தெரியும். வயது தெரிந்தால்தான் கடலில் எத்தனை கிழடு இருக்கிறது, எத்தனை குஞ்சு தேறி வருகிறது என்று சொல்ல முடியும். நாங்கள் ஆராய்ந்துகொண்டிருந்தது கொடுவா மீன். இங்கே எல்லா இனத்தாரும் சியாக்காப் என்பார்கள். சிக்கல் என்னவென்றால், பினாங்கில் மீன்தலைக்கு இருக்கிற மரியாதை உடம்புக்குக் கிடையாது. தலைக்கறிக்குப் போகும் தலையைப் பிளக்க எந்த மீன்காரர் விடுவார்? பாசாரில், அதுதான் சந்தையில், கத்தியோடு நின்றாலே என்னை விரட்டினார்கள்.

அப்படித்தான் தூண்டில்காரர்களிடம் போனோம். சாமான் விற்கும் கடைகளில் ஒரு தாள் ஒட்டினோம்: நீங்கள் பிடித்த சியாக்காப்பின் தலையைக் கொண்டுவந்தால் அதன் வயதைச் சொல்வோம். முதலில் வந்தவர் ஆறுமுகம் அண்ணன். கடலுக்கு அக்கரையில், பிறை என்ற ஊரில், ஒரு தொழிற்சாலையில் கிரேன் ஓட்டுகிறவர். காலை ஷிப்ட் முடிந்து, பூட்ஸைக்கூடக் கழற்றாமல், ஐஸ் பெட்டியை மோட்டார்சைக்கிளின் பின்னால் கட்டிக்கொண்டு வந்திருந்தார்.

"வயசு சொல்லுவீங்களாமே?"

"சொல்லுவோம் அண்ணே. தலையைக் குடுத்தா."

"குடுக்கறேன். ஆனா தலை திரும்பி வேணும். வீட்டுல மசாலா அரைச்சு வச்சிருக்காங்க."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் அவர் சிரிக்கவில்லை. உண்மையாகவே தலையைத் திரும்பக் கேட்டார். அன்றைக்குத்தான் செவுளைத் தூக்கி அடிப்பக்கம் வழியாகக் காதுக்கல்லை எடுக்கப் பழகினேன். நாலைந்து தலை வீணான பிறகு கைக்கு வந்தது. வெளியிலிருந்து பார்த்தால் தலையில் ஒரு கீறல்கூடத் தெரியாது. அந்தச் செய்தி பரவியதும் வாரத்துக்கு ஒரு பெட்டி, இரண்டு பெட்டி என்று தலைகள் வர ஆரம்பித்தன. கல் எனக்கு, கறி அவர்களுக்கு.

எங்கள் தலைவர் டாக்டர் ரஹ்மான். அவரைப் பற்றிக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். கெட்ட மனிதராக அவரை நினைத்துவிட்டால் இந்தக் கதை சுலபமாகிவிடும். அவர் ஒருநாளும் குரலை உயர்த்தியவர் அல்ல. கூட்டுகிற பெண்ணிலிருந்து எல்லாரையும், அம்மா, ஐயா என்பதுபோல, 'புவான்', 'என்சிக்' என்று மலாயில் மரியாதையோடுதான் கூப்பிடுவார். தன் காப்பிக் கோப்பையைக் கழுவும்போது மேசையில் கிடக்கும் மற்றவர் கோப்பையையும் சேர்த்துக் கழுவி வைப்பார். பென்சிலால் மட்டுமே எழுதுவார். அளப்பதில் அப்படி ஒரு பிடிவாதம்: நான் அளந்த மீனையே மறுநாள் எண்ணை மாற்றி, வேறு தட்டில் வைத்து, மறுபடி அளக்கச் சொல்வார். இரண்டு அளவும் ஒத்துப்போனால் தலையை மட்டும் ஆட்டுவார். ஒத்துப்போகாவிட்டால் மூன்றாம் முறை தட்டை நீட்டுவார். கைசுத்தமும் கண்சுத்தமும் எனக்கு அவர் கொடுத்தவை. அதை மறுக்க மாட்டேன்.

ஆனால் ஏதாவது முடிவு கேட்டால் மட்டும், "பார்ப்போம், புவான் பிலோ," என்று மலாயில் மெதுவாகச் சொல்வார். பல வருடம் அதை நான் சம்மதம் என்றே எடுத்துக்கொண்டேன். அது சம்மதமும் இல்லை, மறுப்பும் இல்லை. அந்த விஷயத்தை விட்டு மனதளவில் அவர் எழுந்து போய்விட்டார் என்பதுதான் அதன் அர்த்தம்.

தலைகளால் வயது தெரிந்தது. மீன் எங்கே பிறந்து, எங்கே வளர்ந்து, எங்கே போகிறது என்பது தெரியவில்லை. அதற்கு உயிரோடு பிடித்து, குறி போட்டு, திரும்ப விட வேண்டும். எங்களிடம் இருந்தது ஒரே ஒரு படகு, அதுவும் பாதி நாள் பழுதில் கிடக்கும். தூண்டில்காரர்களோ ஒவ்வொரு ஆற்றுவாயிலும் இருந்தார்கள். முப்பது பேரைச் சேர்த்து நான்தான் பழக்கினேன்.

கையை முதலில் தண்ணீரில் நனைக்க வேண்டும். காய்ந்த கை பட்டால் மீனின் மேலுள்ள வழவழப்பு போய்ப் புண் பிடிக்கும். ஈரப்படுத்திய பாயில் மீனைக் கிடத்தி, கண்ணை ஈரத்துணியால் மூடினால் அடங்கிவிடும். மூக்கிலிருந்து வால் நுனிவரை அளவு. முதுகுத் துடுப்புக்குக் கீழே ஒரு செதிலைத் தூக்கி, ஊசியைத் தலைப்பக்கம் சாய்த்து நுழைத்து, முள்ளைத் தாண்டியதும் கால் சுற்றுத் திருப்பி ஊசியை மட்டும் உருவ வேண்டும். மஞ்சள் நிறத்தில் விரல் நீளத்துக்கு ஒரு பிளாஸ்டிக் டேக் உள்ளே நிற்கும். அதை மெல்ல இழுத்துப் பார்க்க வேண்டும். பிறகு மீனை நீரோட்டத்துக்கு எதிராகப் பிடித்துக்கொண்டு, அது தானாக உதறிப் போகும்வரை காத்திருக்க வேண்டும். இவ்வளவும் இரண்டு நிமிடத்துக்குள். கடைசியில் அட்டையில் எழுதுவது: டேக் எண், நீளம், நாள், இடம்.

இடம் என்றதும் எல்லாரும் முகத்தைச் சுளித்தார்கள். தூண்டில்காரரிடம் சம்பளத்தைக் கேட்கலாம். நல்ல இடத்தைக் கேட்கக்கூடாது. லிம் என்று ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் இருந்தார். பதினாறு வருடமாக ஒரே பாறையில் நின்று தூண்டில் போடுகிறவர். தன் தம்பிக்கே அந்தப் பாறையைக் காட்டாதவர். அவர்களுக்காக ஓர் ஏற்பாடு செய்தேன். அட்டையில் இடத்தின் பெயர் வராது, வெறும் எண்தான். எந்த எண் எந்த இடம் என்பது ஒரே ஒரு நோட்டுப் புத்தகத்தில் இருக்கும். அது என் அலமாரியில் இருக்கும். சாவி என் கழுத்துச் சங்கிலியில், மாதா பதக்கத்தோடு.

"இது என்னைத் தாண்டிப் போகாது," என்று முப்பது பேர் முன்னாலும் சொன்னேன். டாக்டர் ரஹ்மானும் பக்கத்தில் நின்று தலையாட்டினார்.

ஒரு சனிக்கிழமை காலை நானும் ஆற்றுவாய்க்குப் போயிருந்தேன். ஆறுமுகம் அண்ணனின் தூண்டிலில் பெரியது ஒன்று மாட்டியது. கரைக்குக் கொண்டுவரவே வெகுநேரம் ஆயிற்று. பாயில் கிடத்தினால் வால் வெளியே நின்றது. நூற்றுநான்கு சென்டிமீட்டர். அவர் வாழ்நாளில் பிடித்ததிலேயே பெரிய மீன். கரையில் நின்றவர்கள் எல்லாரும், ஒரு படம் எடுத்துக்கொண்டு வீட்டுக்குக் கொண்டுபோகச் சொன்னார்கள். அவர் என்னைப் பார்த்தார்.

"இது பொண்ணுதானே அக்கா?"

கொடுவா ஆணாகத்தான் வளரும். வயதான பிறகு பெண்ணாக மாறும். பெரியவை எல்லாம் பெண்கள்தாம். முட்டை முழுக்க அவற்றிடம்தான். இதை அவருக்கு நான்தான் சொல்லியிருந்தேன்.

"ஆமாண்ணே. பொண்ணுதான்."

"அப்ப ஏன்லா எல்லாரும் கத்துறீங்க? தள்ளுங்க."

டேக் போட்டார். இடுப்பளவு சேற்றுத் தண்ணீரில் இறங்கி மீனை ஏந்திக்கொண்டு நின்றார். அது உதறிக்கொண்டு போனபோது அவர் முகமெல்லாம் சேறு. துடைக்காமல் அப்படியே நின்று தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த மனிதர்கள் மீனைக் கொல்பவர்கள் என்று யாராவது பேசினால், இந்த ஒரு காலையைத்தான் நான் நினைத்துக்கொள்வேன்.

நாலைந்து வருடத்தில் அட்டைகள் பேச ஆரம்பித்தன. அந்த ஆற்றுவாயை ஒட்டிய அலையாத்திக் காட்டில் ஒரு சிற்றோடை. சின்ன மீன்களில் பெரும்பகுதி அங்கேதான் மாட்டியது. டேக் போட்ட குஞ்சுகள் வளர்ந்து, அதே ஆற்றுவாயில் மறுபடி மாட்டின. பெரிய பெண் மீன்கள் பௌர்ணமி, அமாவாசைக் கடற்பெருக்கின்போது முகத்துவாரத்துக்குத் திரும்பி வந்தன. எந்தப் படகு வைத்துத் தேடியிருந்தாலும் எங்களுக்கு இது கிடைத்திருக்காது. முப்பது பேர், வேலை முடிந்த களைப்பில், கொசுக்கடியில் நின்று கொடுத்தது.

அப்போதுதான் அந்தக் காட்டோரச் சேற்றுத் திட்டைத் தூர்த்துக் கட்டடம் எழுப்ப ஒரு நிறுவனம் முன்வந்தது. ஓடையும் அதோடு போகும். அவர்கள் அமர்த்திய ஆலோசகர்கள் சுற்றுச்சூழல் அறிக்கையில் எழுதியிருந்தார்கள்: இங்கே குறிப்பிடத்தக்க மீன்வளம் எதுவும் இல்லை. எங்கள் பிரிவின் கருத்தைக் கேட்டுக் கடிதம் வந்தது.

டாக்டர் ரஹ்மான் என்னைக் கூப்பிட்டு, "எண்களை வைத்துக்கொண்டு மறுப்பு எழுத முடியாது, புவான் பிலோ. இடங்கள் வேண்டும்," என்றார்.

"அவங்ககிட்ட கேட்காம தர முடியாது டாக்டர்."

"கேளுங்கள்," என்றார். நியாயமான பதில்தான்.

கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலைப் பக்கம் ஒரு நாசி கண்டார் சோற்றுக்கடையில், மத்தியானக் கூட்டம் கலைந்த பிறகு, எல்லாரையும் உட்கார வைத்துப் பேசினேன். பாதிப் பேர் முகம் கொடுக்கவில்லை. லிம் ஆசிரியர் தேநீரைக் கலக்கிக்கொண்டே மலாயில் சொன்னார்: "காகிதத்துக்குக் கால் இருக்கிறது, புவான். நீங்கள் எங்கே வைத்தாலும் அது நடந்து போகும்."

ஆறுமுகம் அண்ணன்தான் எழுந்தார்.

"ஓடையே போயிடும்னு சொல்றாங்க. ஓடை போனப்புறம் நம்ம இடத்தைப் பூட்டி வச்சு என்ன செய்யப் போறோம்? அக்கா இத்தன வருஷமா ஒரு வார்த்தை வெளிய விட்டதில்ல. நான் பொறுப்பு. குடுங்க."

'நான் பொறுப்பு' என்று நான் சொல்லியிருக்க வேண்டும். அவர் சொன்னார். அவர் முகத்துக்காகத்தான் மற்றவர்கள் ஒத்துக்கொண்டார்கள்.

வரைபடத்தைத் தயார் செய்தவள் நான்தான். ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு புள்ளி. பக்கத்தில், எந்தப் பெருக்கில் எந்த அளவு மீன் வருகிறது என்ற விவரம். பாதித் தட்டச்சில் நிறுத்தினேன். எழுந்து போய் டாக்டரிடம் கேட்டேன்.

"புள்ளி வேண்டாம் டாக்டர். பெரிய கட்டமாப் போட்டு, இந்தப் பகுதின்னு காட்டினா போதாதா?"

"கட்டம் போட்டால் மழுப்புகிறோம் என்பார்கள். புள்ளியில்தான் பலம் இருக்கிறது."

"இது வெளிய போயிடாதே?"

அவர் பென்சிலைக் கீழே வைத்தார். "அலுவலகப் பயன்பாட்டுக்கு மட்டும் என்று முகப்பில் எழுதுவோம். பார்ப்போம்."

அந்த 'பார்ப்போம்' எனக்குப் பழகிய 'பார்ப்போம்'. அதன் அர்த்தம் அந்த வயதில் எனக்கு நன்றாகவே தெரியும். தெரிந்தும் திரும்பி வந்து உட்கார்ந்து, மிச்சப் புள்ளிகளையும் வைத்து முடித்தேன். யாரும் என் கையைப் பிடித்து வைக்கவில்லை.

சில வாரம் கழித்து லிம் ஆசிரியர் தொலைபேசியில் கூப்பிட்டார். குரல் சாதாரணமாக இருந்தது. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

"புவான், பொதுமக்கள் பார்வைக்கு அறிக்கை வைத்திருக்கிறார்கள். அதன் முன்னால் நின்றுகொண்டுதான் பேசுகிறேன். பின்னிணைப்பில் ஒரு படம் இருக்கிறது. பதினான்காம் புள்ளி என் பாறை."

நான் எதையோ சொல்ல வாயெடுத்தேன்.

"எனக்குப் பின்னால் இரண்டு பேர் நிற்கிறார்கள். ஒருவன் கைப்பேசியில் படம் எடுக்கிறான். அவ்வளவுதான். சொல்லத்தான் கூப்பிட்டேன்." வைத்துவிட்டார். அதற்குப் பிறகு அவர் என்னிடம் பேசவில்லை.

'அலுவலகப் பயன்பாட்டுக்கு மட்டும்' என்று எழுதிய முகப்புத் தாள் எங்கோ கழன்று போயிருந்தது. யார் கழற்றியது என்று கடைசிவரை தெரியவில்லை. வேண்டுமென்றே செய்ததாகவும் நான் நினைக்கவில்லை. ஒரு குமாஸ்தா கோப்பை அடுக்கும்போது மேல்தாளை எடுத்துப் போட்டிருப்பார். எங்கள் மறுப்புக்கு ஆலோசகர்கள் எழுதிய பதில் ஒரே பத்திதான்: இவை பொழுதுபோக்குக்காரர்கள் சேர்த்த விவரங்கள், மீன் எங்கே இருக்கிறது என்பதை அல்ல, ஆள் எங்கே நிற்கிறார் என்பதையே காட்டுகின்றன. அதில் பாதி உண்மை இருக்கிறது என்பதுதான் வயிற்றெரிச்சல். ஆள் போகாத இடத்தில் அட்டை இருக்காதுதான். ஆனால் வளர்ந்த குஞ்சு திரும்பி வந்ததற்கு ஆளா காரணம்?

ஆலோசகர்களுக்கு நம்பத் தகாத அந்தப் படம், வலைக்காரர்களுக்கு நம்பத் தகுந்ததாக இருந்தது. அடுத்த பெரிய பெருக்குக்கு, அதுவரை அந்த ஆற்றுவாய் பக்கமே வராத படகுகள் வந்தன. முகத்துவாரத்தின் குறுக்கே வலை விட்டார்கள். எந்தப் பெருக்கில் எங்கே வரும் என்பதைத்தான் பக்கத்திலேயே எழுதிக் கொடுத்திருந்தோமே.

பாசாரில் எனக்குப் பழக்கமான மீன்கார அம்மா ஒருத்தி, ஒரு பிளாஸ்டிக் பையைக் கொண்டுவந்து அலுவலகத்தில் கொடுத்தாள். "உங்க மஞ்சக் கயிறு போல இருக்கு, தூக்கிப் போட மனசு வரல," என்றாள். ஏழு டேக்குகள். அலமாரியைத் திறந்து எண்களை ஒவ்வொன்றாகச் சரிபார்த்தேன். நாலாவது, அந்த நூற்றுநான்கு சென்டிமீட்டர்.

விதிப்படி பதிவு செய்தேன். மறுபிடிப்பு, இடம், நாள். பேரேட்டை டாக்டர் ரஹ்மானிடம் கொண்டுபோனேன். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார். அவர் முகத்தில் வருத்தம் இருந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் வாயில் வந்தது இதுதான்:

"ஒரே வாரத்தில் ஏழு மறுபிடிப்பு. திரும்பி வருகின்றன என்று நாம் சொன்னது சரியாகப் போயிற்று, புவான் பிலோ."

அடுத்த வருடம் ஏதோ மாநாட்டில் அவர் படித்த கட்டுரையில் அந்த ஏழும் இருந்தன. நன்றிப் பகுதியில் 'உள்ளூர்த் தூண்டில்காரர்கள்' என்று இரண்டு சொல்.

ஆறுமுகம் அண்ணன் ஒரு மத்தியானம் வந்தார். வழக்கம்போல் நேரே ஆய்வுக்கூடத்துக்குள் வரவில்லை. முன்னால் பொதுமக்களுக்கான கவுண்டரில் நின்றார். அளவுப் பாய், ஊசி, மிச்சமிருந்த டேக்குகள், எழுதாத அட்டைகள் எல்லாவற்றையும் துடைத்துச் சுத்தமாக ஒரு பையில் போட்டுக் கொண்டுவந்திருந்தார். கூட்டாளிகள் யாரும் அவரோடு பேசுவதில்லை என்று எனக்கு முன்பே தெரிய வந்திருந்தது. தூண்டில் கடைக்குப் போனால் மற்றவர்கள் எழுந்து போய்விடுகிறார்களாம்.

"அண்ணே, நான் வேணும்னு…"

"தெரியும்க்கா. நீங்க வேணும்னு செய்ய மாட்டீங்க." பையை என் பக்கம் தள்ளினார். "அது பொழைக்கட்டும்னுதான் விட்டேன். வீட்டுல கூடக் கேட்டாங்க, அவ்ளோ பெரிய மீனை எதுக்கு விட்டீங்கன்னு. இப்ப பாத்தா, பிடிக்கறவனுக்கு நானே அதோட அட்ரஸ எழுதிக் குடுத்திருக்கேன்."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். கையெழுத்துப் போட ஏதாவது தாள் இருக்கிறதா என்று கேட்டார். இல்லை என்றேன். போய்விட்டார்.

சேற்றுத் திட்டைத் தூர்த்தார்கள். ஓடையை ஒரு சிமெண்ட் வாய்க்காலாக்கித் திருப்பிவிட்டார்கள். எங்கள் திட்டத்தில் மிஞ்சியவர்கள் ஆறு பேர், பிறகு இரண்டு பேர், பிறகு யாரும் இல்லை. திட்டம் 'வெற்றிகரமாக நிறைவடைந்தது' என்று ஆண்டறிக்கையில் எழுதியதைத் தட்டச்சு செய்தவளும் நான்தான். டாக்டர் ரஹ்மான் நல்ல பெயரோடு ஓய்வு பெற்றார். அவருடைய பிரிவுபசார விருந்தில் நான் கேக் வெட்டித் தட்டில் வைத்துக் கொடுத்தேன். எனக்கும் ஒரு விருந்து வைத்தார்கள்; ஒரு சுவர்க்கடிகாரம் தந்தார்கள்.

ஓய்வுபெற்ற பிறகு ஒருநாள் பிறைக்குப் போனேன். விசாரித்து விசாரித்து ஆறுமுகம் அண்ணன் வீட்டைக் கண்டுபிடித்தேன். அவரும் வேலையிலிருந்து நின்றிருந்தார். வாசலில் என்னைப் பார்த்ததும் ஒரு கணம்தான் தயங்கினார். பிறகு, "வாங்கக்கா," என்று நாற்காலியைத் துடைத்துப் போட்டார். அவர் மனைவி தேநீர் கொண்டுவந்தார். பிள்ளைகள், முட்டிவலி, மருந்து என்று பேசினோம். மன்னிப்புக் கேட்கத்தான் போயிருந்தேன். கேட்டேன். அவர் கையை அசைத்து, "விடுங்கக்கா, பழைய கதை," என்றார். அவர் மனைவி எழுந்து உள்ளே போனார்.

வெளிச்சுவரில் இரண்டு தூண்டில் கழிகள் சாத்தியிருந்தன. ஒன்றின் நரம்புக் கயிறு புதிது.

"இன்னும் போறீங்களா அண்ணே?"

"போவேன். வாரத்துக்கு ஒருநாள்."

"எந்தப் பக்கம்?"

இத்தனை வருட வேலைப் பழக்கம். வாய் தானாகக் கேட்டுவிட்டது. அவர் என் முகத்தைப் பார்த்தார். கோபமில்லை. வந்த ஆளுக்கு மரியாதை குறையாமல் எப்படிச் சொல்வது என்று யோசிப்பது தெரிந்தது.

"சும்மா, இங்க அங்கன்னு போறதுதான்," என்றார்.

தேநீரைக் குடித்து முடித்தேன். கிளம்பும்போது, கேட்கக்கூடாது என்று தெரிந்தும், இன்னொன்றையும் கேட்டேன்.

"பெருசு மாட்டினா?"

"விட்டுருவேன்."

"அளந்து…"

"இல்லக்கா," என்றார். "அளக்கறதில்ல. எழுதறதில்ல. யாருகிட்டயும் சொல்றதும் இல்ல. விட்டுருவேன், அவ்ளோதான்."

கேட்வரை வந்து வழியனுப்பினார். நான் தெருமுனை திரும்பும்வரை அங்கேயே நின்றார்.